பின்கேரியரில் ஏறிய குடும்பம்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அதற்கு அடுத்த கதவு ரத்தப் பரிசோதனை. அங்கேதான் எனக்கு வேலை. நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டும் என்பதால், எக்ஸ்ரே அக்காவின் குரலைக் கேட்டபடிதான் பல வருடமாக நான் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க. போதும், போதும். அப்படியே இருங்க." டாக்டர் பேச்சைக் கேட்காதவர்கள்கூட அக்கா சொன்னால் அப்படியே இருப்பார்கள்.

நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். ஈயம் வைத்த அங்கியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவர். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. கண்டுபிடித்தவன் நான்தான். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, "உன் மெஷின் சரியா வேலை செய்யுதா?" என்று கேட்டார்.

"உங்க மெஷின் மாதிரிதான் அக்கா. உள்ள இருக்கிறதத்தான் காட்டும்."

அந்தச் சமயத்தில் எங்கள் பிசியோதெரபிஸ்ட் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பினார். அவரிடம் ஒரு கியர் சைக்கிள் இருந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டார். முதலில் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஓட்டினார். பிறகு லீவு நாட்களில் ஏரிக்கரை வரை, அதன் பிறகு ஏரியையே சுற்றி. எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அந்தச் சைக்கிள் ஈரத்துணி காயப்போட உதவும் என்றுதான் நினைத்தோம்.

அக்காவின் மகன் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். போனில் பேசும்போதெல்லாம் "அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேம்மா" என்பான். அடுத்த மாதம் வரும், அவன் வரமாட்டான். ஒருநாள் அக்கா சொன்னார்:

"நீ ஒண்ணும் வர வேணாம். நானே வர்றேன்."

"சரிம்மா. பஸ் டிக்கெட் போடட்டுமா?"

"வேணாம். சைக்கிள் இருக்கு."

"அம்மா, நடுவுல மலை இருக்கு" என்றான்.

"தெரியும். நீயும் அந்த வழியாத்தானே போன."

"நான் பஸ்ல போனேன்."

"அதே ரோடுதான்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் போய், லிஃப்ட்டின் கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்த்து, இது அறுந்தால் என்ன ஆகும், அது நின்றால் என்ன ஆகும் என்று யோசிப்பதுதான் அவருடைய உத்தியோகம். வீட்டிலும் அந்த யோசனை ஓயாது. மனைவி சைக்கிளில் மலை தாண்டப் போகிறாள் என்று கேட்டதும் அவர் போகாதே என்று சொல்லவில்லை. "செயின் அறுந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"மாட்டிக்கலாம்."

"பிரேக் கம்பி அறுந்தா?"

"அதுக்கும் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"ரெண்டும் ஒரே நேரத்துல அறுந்தா?"

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு விடியும்வரை போகும் என்று அவருக்குத் தெரியும்.

தூரம் கூடக் கூட, உட்காரும் இடத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. சைக்கிள் கடையில் பேட் வைத்த ஷார்ட்ஸ் தொங்கியது. எல்லாம் ஒல்லி ஆண்களுக்கானவை. கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை விரித்துப் பார்த்து, "ஒரு காலுக்குச் சரியா இருக்கும். இன்னொரு காலுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

அதனால்தான் அவர் மாடி ஏற வேண்டியதாயிற்று. மாடியில் குடியிருப்பது அக்காவின் அண்ணன் குடும்பம். அண்ணனுக்குப் பேக்கரியில் ராத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம். அண்ணிக்கு உள்ளாடைக் கம்பெனியில், புது மாடலுக்கு முதல் உருப்படியைத் தைத்துப் பார்க்கும் பிரிவில் வேலை. அண்ணி மனதில் பட்டதை அப்படியே வாயால் சொல்லிவிடுவார். அக்கா மனதிலேயே வைத்துக்கொள்வார். இருவருக்கும் நடுவில் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் சமைத்தது இன்னொரு வீட்டுக்குப் போனால், பாத்திரம் கழுவித் திரும்பி வரும். அத்தோடு சரி.

அண்ணன் தூங்குவதால் அந்த வீட்டில் எதையும் ரகசியம் போலத்தான் பேச வேண்டும். அன்றைக்குப் பேசியதும் அப்படிப்பட்ட விஷயம்தான்.

"உள்ள வேற எதுவும் போடக்கூடாதாம் அண்ணி. தோலோட ஒட்டி இதுதான் இருக்கணுமாம்."

அண்ணி கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"சைக்கிள் கடைக்காரர்."

"அந்த ஆளு எதுக்கு இதையெல்லாம் உன்கிட்ட சொல்றாரு?"

"நான்தான் கேட்டேன்."

"நீ எதுக்கு அவர்கிட்ட கேட்ட? நான் எதுக்கு இருக்கேன், இத்தனை வருஷமா உள்ளாடை தெச்சுக்கிட்டு?"

முதல் ஷார்ட்ஸை அண்ணி இரண்டு நாளில் முடித்துவிட்டார். கம்பெனியில் மிச்சமான மெத்தென்ற ஸ்பாஞ்சை மூன்று அடுக்காக உள்ளே வைத்திருந்தார். போட்டுப் பார்த்தால் சோபாவையே இடுப்பில் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஏரிவரை போகும்போது சுகமாகத்தான் இருந்ததாம். திரும்பி வரும்போது ஸ்பாஞ்ச் ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுத்தையல் உராய்ந்து தோல் உரிந்துவிட்டது. மறுநாள் அக்கா எக்ஸ்ரே அறையில் உட்காரவே இல்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "நின்னா உடம்புக்கு நல்லது" என்றார்.

சாயங்காலம் அண்ணி அவரைப் பின் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "காட்டு" என்றார்.

"அண்ணி!"

"புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்படாத. தையல் எங்க இடிச்சிருக்குன்னு பாக்காம நான் எப்படி மாத்துவேன்?"

பார்த்தார். தையல்காரியின் கண்ணால்தான் பார்த்தார். "நடுவுல தையல் வந்திருக்கு. என் தப்புதான். மெத்துனு இருந்தா போதும்னு நெனச்சேன். இதுக்குக் கெட்டியா, மெல்லிசா இருக்கணும் போல."

பிறகு சைக்கிளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரோரம் சாய்த்து, அக்காவை அதன் மேல் உட்காரச் சொன்னார். "முன்னால சாய். இன்னும் சாய்." எலும்பு அழுந்தும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். பக்கத்து அறையில் அண்ணன் தூக்கத்தில் ஏதோ முனகினார். சைக்கிள் மேல் இருந்தவரும் சாக்பீஸ் பிடித்திருந்தவரும் அப்படியே உறைந்துபோனார்கள். அண்ணன் எழுந்து வந்து பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "கல்யாணம் ஆகி வந்ததிலேர்ந்து அவங்க சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

இரண்டாவது ஷார்ட்ஸ் பொருந்திவிட்டது. நடுவில் தையலே இல்லாமல், இழுத்தால் நீளும் துணியில், கெட்டியான மெல்லிய பேட் வைத்தது. அதே அளவில் இன்னொன்றும் தைத்துக் கொடுத்தார் அண்ணி. மேலே போட ஒரு நீளமான பருத்திச் சட்டை போதும் என்று அக்காவே முடிவு செய்துகொண்டார். வேர்வையை இழுக்கும், காற்றாட இருக்கும் என்பது அவர் கணக்கு.

லீவு கிடைத்தது. மூட்டை கட்டும் வேலை ஆரம்பித்தது. பின்கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிட இரண்டு பைகளைத் தார்ப்பாய் தைப்பவரிடம் சொல்லி வாங்கியிருந்தார் அக்கா. அவருடைய சாமான்கள் அதில் ஒரு பையில் அடங்கிவிட்டன. மாற்றுத்துணி, பிளாஸ்டிக் மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், மாத்திரை, கொஞ்சம் பிஸ்கெட். அப்புறம்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரு உதிரி டயர் கொண்டுவந்தார். ஒரு செயின். லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பார்க்கும் பெரிய டார்ச். காலால் மிதிக்கும் இரும்புப் பம்பு. ஸ்பேனர் செட்டை டப்பாவோடு வைத்தார். அண்ணி தடித்த கம்பளி நூலில் தானே பின்னிய ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தார். அதைத் தூக்கும்போதே ஒரு ஆட்டைத் தூக்குவதுபோல் இருந்தது. கூடவே ஒரு போர்வையும் ஒரு சின்னத் தலையணையும். "கண்ட இடத்துல தலை வைக்காத." மகனிடமிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. போன் சார்ஜ் போட இரண்டு பேட்டரி, ஒரு விசில், இருட்டில் மின்னும் மஞ்சள் அங்கி, ஹேண்டில்பாரில் போன் மாட்ட ஒரு கொக்கி. பெட்டியை அனுப்பியதும் போன் செய்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. அந்த ஷார்ட்ஸ போட்டுக்கிட்டு எங்க கம்பெனி கேட்டுக்கு வந்துடாத."

"ஏன்டா?"

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். அத்தை கஷ்டப்பட்டு தெச்சது."

கிளம்பும் நாள் காலையில் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்ததும் முன்சக்கரம் குதிரைபோல் மேலே எழும்பியது. வீட்டுக்காரர் ஓடிவந்து ஹேண்டிலை அழுத்திப் பிடித்தார். "பேலன்ஸ் இல்ல" என்று உத்தியோகக் குரலில் சொல்லிவிட்டு, முன்பக்கம் எடை வேண்டும் என்று ஸ்பேனர் டப்பாவை எடுத்து ஹேண்டிலில் கட்டினார்.

முதல் நாள் வெயில் கொளுத்தியது. சமதளம் இருந்தவரை சைக்கிள் எப்படியோ உருண்டது. சின்ன மேடு வந்தாலும் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கல்குவாரி ஒன்றைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் இன்னொரு டிங். சக்கரம் எட்டுப்போட ஆரம்பித்தது. அடுத்த ஊர்வரை தள்ளிக்கொண்டே போய் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையில் நிறுத்தினார்.

கடைக்காரர் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்க்க முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இதுல யார் யாரெல்லாம் ஏறியிருக்காங்க?" என்று கேட்டார்.

அக்கா யோசித்துவிட்டு, "என் வீட்டுக்காரர், எங்க அண்ணி, என் பையன். மூணு பேரு" என்றார்.

"அவங்கள பஸ்ல அனுப்பிடுங்கம்மா. ஸ்போக்ஸ் தாங்காது."

அவர் ஸ்போக்ஸ் மாற்றும் நேரத்தில் அக்கா கடை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். டயர், பம்பு, டார்ச், ஸ்பேனர் டப்பா, போர்வை, தலையணை, ஒரு பேட்டரி. தனக்கு வேண்டிய இரண்டு ஸ்பேனரை மட்டும் எடுத்துக்கொண்டார். செயின் கையடக்கம்தான், இருக்கட்டும் என்று விட்டார். ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரொம்ப நேரம் இருந்தாராம். அந்த வெயிலில் அதைத் தொட்டாலே வேர்த்தது. "இதையும் அனுப்பிடட்டுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "உங்க இஷ்டம்மா. எனக்குச் சைக்கிள் மட்டும்தான் தெரியும்" என்றார் அவர். ஸ்வெட்டரும் மற்றவற்றோடு வீட்டுக்குப் பஸ் பார்சலில் போனது.

பார்சல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அண்ணியும் கீழேதான் இருந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து அக்காவின் வீட்டுக்காரர் அதைப் பிரித்தார். முதலில் டார்ச் வந்தது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்றார். பிறகு பம்பு, டயர், ஸ்பேனர் டப்பா. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். கடைசிவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "செயினை மட்டும் வெச்சுக்கிட்டா" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அண்ணிக்கு அந்தச் சமாதானமும் இல்லை. தலையணை வந்தது, போர்வை வந்தது, அடியில் ஸ்வெட்டரும் வந்தது. எடுத்து மடித்தார். "ம்" என்றார். மாடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அக்கா போன் செய்தால் எடுக்கவில்லை.

சுமை இறங்கிய பிறகு சைக்கிள் வேறு சைக்கிளாகிவிட்டது. அக்கா மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலையில் ஏற ஆரம்பித்தார். சின்ன கியரைப் போட்டுக்கொண்டு, நடப்பவரைவிடக் கொஞ்சம்தான் வேகமாக. பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார். வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உள்ளிருந்தும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மலை ஏறிய வேர்வையெல்லாம் பருத்திச் சட்டையில் ஊறி, உச்சிக்கு வரும்போது பிழிந்தால் ஒழுகும் நிலையில் இருந்தது. ஏறும்வரை உடம்புச் சூட்டில் அது தெரியவில்லை. இறங்கத் தொடங்கியதும் மிதிக்கிற வேலை நின்றுவிட்டது, எதிர்க்காற்று அடித்தது. நான்கு வளைவு இறங்குவதற்குள் பல் தந்தியடித்தது. ஐந்தாவது வளைவில் பிரேக் பிடிக்க நினைத்தார், விரல் மடங்கவில்லை.

"பயமா இருந்துச்சா அக்கா?" என்று நான் கேட்டேன்.

"அப்பல்லாம் பயம் வரல. என் கை என் பேச்சைக் கேக்கலியேன்னுதான் இருந்துச்சு. ரெண்டு காலையும் ரோட்டுல தேச்சு நிறுத்தினேன்."

கொஞ்சம் கீழே லாரிகளை எடை போடும் மேடை ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அறை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தக் கதவருகே போய் நின்றார். உள்ளே இருந்த எடைமேடைக்காரர் ஆளைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. எழுந்து ஹீட்டரை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். மூலையில் கிடந்த பழைய செய்தித்தாள் கட்டை எடுத்து மேஜை மேல் போட்டார்.

"ஈரச் சட்டைய கழட்டிட்டு இத உள்ள சுத்திக்கங்க. நாங்க பைக்ல இறங்குறப்ப இதான் பண்ணுவோம். நான் வெளிய நிக்கறேன், முடிச்சிட்டு கூப்பிடுங்க." அந்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றார்.

அக்கா பையைத் திறந்து மாற்றுத்துணியை எடுத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தைச் சட்டைக்குள்ளே நெஞ்சிலும் முதுகிலும் சுற்றினார். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. எடைமேடைக்காரர் கொடுத்த டீயைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. அந்த நடுக்கத்தோடு வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டுக்காரர் எடுத்தார்.

"கை மரத்துடுச்சுங்க. பிரேக் பிடிக்க முடியல."

மற்றவராக இருந்தால் நான் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்திருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. "உக்காந்திருக்கியா? மேல கூரை இருக்கா? பக்கத்துல ஆள் இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்ற பதில் வந்த பிறகுதான் பெருமூச்சு விட்டார்.

அதற்குள் வேறு யாரோ போனை வாங்கும் சத்தம் கேட்டது. "ஸ்வெட்டர் எங்க?" என்றது அண்ணியின் குரல்.

"உங்ககிட்டதான் இருக்கு அண்ணி."



"இப்ப என்ன போட்டிருக்க?"

"பேப்பர்."

"என்னது?"

"செய்தித்தாள். சட்டைக்குள்ள சுத்தியிருக்கேன்."

"முன்னால அதிகமா, பின்னால அதிகமா?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி."

"முதுகுலேர்ந்து எடுத்து முன்னால வை. எதிர்க்காத்து நெஞ்சுலதான் அடிக்கும். கழுத்துக்கும் மடிச்சு வை. வயித்துக்கு அடியில நழுவாம ஷார்ட்ஸ் எலாஸ்டிக்குக்குள்ள சொருகிக்கோ. அந்த எலாஸ்டிக் நல்லாத்தான் பிடிக்கும்." அதோடு போனை வைத்துவிட்டார்.

மழை விடவில்லை. எடைமேடைக்கு ஒரு காலி லாரி வந்தது. எடைமேடைக்காரர் டிரைவரிடம் பேசினார். அக்கா தயங்கவில்லை. சைக்கிளை லாரியில் ஏற்றி, தானும் முன்னால் ஏறி, மிச்ச மலையை அப்படியே இறங்கினார். கீழே மழையே இல்லை. அன்று அங்கேயே ஒரு விடுதியில் படுத்துவிட்டு, மறுநாள் சமதளத்தில் சைக்கிளை மிதித்து மகன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். யார் கேட்டாலும், "மலையிலேர்ந்து இறங்கினது லாரிலதான்" என்பதை அவர் விடாமல் சொல்வார். அதைச் சொல்லாவிட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். "எக்ஸ்ரேல இல்லாதத நான் வரைஞ்சு காட்டுவேனா?" என்றார்.

கிடங்கின் கேட்டுக்கு அக்கா அந்த ஷார்ட்ஸோடுதான் போனார். மகன் ஓடிவந்தான். ஷார்ட்ஸ் அவன் கண்ணிலேயே படவில்லை. அம்மாவின் சட்டைக் காலருக்கு மேல் செய்தித்தாள் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலைக் குளிருக்கு அக்கா அதை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"ஸ்வெட்டர்."

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பருத்திச் சட்டையாம்மா போட்டிருந்த? அதப் போட்டுக்கிட்டு எங்கள கிடங்குக்குள்ள விடவே மாட்டாங்க. வேர்வைல நனைஞ்சா காயவே காயாது, உடம்புச் சூட்டையெல்லாம் இழுத்துடும். அத்தையோட ஸ்வெட்டர் கம்பளிதானே? அது நனைஞ்சாலும் சூடு விடாது. அதப் போய் திருப்பி அனுப்பிட்டியே."

"இவ்வளவு தெரிஞ்சவன் முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

அவன் கொஞ்சம் விழித்தான். "போன் சார்ஜ் தீந்து நீ எங்க இருக்கன்னே தெரியாமப் போயிடுமோன்னுதாம்மா நான் யோசிச்சேன். குளிரைப் பத்தி தோணவே இல்ல. தெனமும் அதுலயே இருக்கேன்ல."

மேற்பார்வையாளரிடம் சொல்லி அம்மாவை உள்ளே கூட்டிப்போனான். முதலில் ஒரு சிறிய அறை. சுவரில் கோட்டுகள் தொங்கின. தோலோடு ஒட்டி ஒரு மெல்லிய சட்டை, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் பஞ்சு அடைத்த நீலக் கோட்டு. அம்மாவுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக அவனே மாட்டிவிட்டான். "தடிமனா ஒரே கோட்டு போட்டா பத்தாதாம்மா. இடையில காத்து நிக்கணும். அதுதான் சூடு." பெரிய கதவைத் திறந்ததும் வெண்புகை காலடியில் ஓடியது. உள்ளே மீன் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மேலே குழாயில் பனி படர்ந்திருந்த இடத்தைக் காட்டி, அதை எப்படித் தட்டி எடுப்பான், மோட்டார் எங்கே இருக்கிறது, அது நின்றுபோனால் எவ்வளவு நேரத்துக்குள் ஓடவைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னான். சொல்லும்போது கையுறையைக் கழற்றினான். விரல் நுனிகள் வெடித்து, இரண்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

கூட இருந்த இன்னொரு மெக்கானிக் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறதாம். புது ஆள் கிடைக்கவில்லை. இவன் ஒருநாள் இல்லாத சமயம் மோட்டார் நின்றால் சரக்கு மொத்தமும் போய்விடும். அதனால்தான் ஊருக்கு வருவது தள்ளிக்கொண்டே போனது. இதைப் போனில் சொன்னால் அம்மா கவலைப்படுவாள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். வீட்டுப் பக்கம் வராததற்கு வேறு ஏதோ காரணம், யாரோ ஒரு பெண், அல்லது வீட்டின் மேலேயே சலிப்பு என்று இரண்டு வருடமாக அக்கா மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். "அந்தக் கதவைச் சாத்திட்டு வெளிய வந்தப்பதான் எனக்குச் சரியாச்சு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மகன் குடியிருந்த அறையில் நான்கு நாள் தங்கிச் சமைத்துப் போட்டுவிட்டு, சைக்கிளைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு அக்கா திரும்பினார். மகன் தன்னிடம் இருந்த மெல்லிய உள்சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தான்.

வந்த அன்றே மாடி ஏறினார். அண்ணன் வழக்கம்போல் தூக்கம். அண்ணி கதவைத் திறந்து ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

"குளிருச்சா?"

"ரொம்பக் குளிருச்சு அண்ணி. அந்த ஸ்வெட்டர நான் அனுப்பியிருக்கக் கூடாது."

அண்ணி உள்ளே போய் ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார். கையில் தூக்கிப் பிடித்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். "நானும் இவ்வளவு தடிமனா பின்னியிருக்கக் கூடாது. நீ மலை ஏறுறியா, இல்ல பனிக்கரடி வேஷம் கட்டுறியான்னு யோசிச்சிருக்கணும்."

அந்த வாரமே ஸ்வெட்டரைப் பிரித்து, அதே நூலில் மெல்லியதாக இரண்டு பின்னிவிட்டார். மகன் கொடுத்த உள்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, நீர் தெளித்து அது எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பார்த்தார். கம்பெனியில் அதேபோன்ற துணி இருந்ததாம். மழைக்கோட்டின் அக்குளுக்கு அடியில் வெட்டி, காற்று போக வலைத்துணி வைத்துத் தைத்தார். வீட்டுக்காரர் அதை வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டு, "ஒழுகல" என்று ஒப்புதல் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வருடம் அக்கா கடற்கரைச் சாலையில் போனார். அதற்கும் அடுத்த வருடம் மறுபடி அதே மலை, இந்த முறை சைக்கிளிலேயே இறங்கினார். மகனுக்கு உதவிக்கு ஆள் கிடைத்துவிட்டது, இப்போது விசேஷ நாட்களில் அவனே வருகிறான். சர்க்கரை விஷயம் என்ன ஆயிற்று என்று பலரும் கேட்கிறார்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது நான் தயங்கினேன். அக்கா படித்துவிட்டு, "சரி, மாத்திரையும் இருக்கட்டும், சைக்கிளும் இருக்கட்டும்" என்றார்.

போன வருடம் அண்ணி, இந்த வயதில் சைக்கிள் கற்றுக்கொள்கிறேன் என்று கம்பெனிக்குப் பின்னால் லாரி நிறுத்தும் இடத்தில் ஆரம்பித்தார். மூன்றாவது நாள் விழுந்து, கணுக்கால் வீங்கி, எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். நாத்தனாரே படம் எடுத்தார். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். வீக்கம் வடிந்ததும் மறுபடி கற்றுக்கொண்டார். இப்போது தினமும் கம்பெனிக்குச் சைக்கிளில்தான் போகிறார். மலைக்கு என்கூட வாங்களேன் என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் நீயே போ. எனக்குக் கம்பெனி வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டார் அண்ணி.